நொறுங்கியது மூக்கு, பிழைத்தது ஆள்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு கார் பந்தய விபத்தின் படத்தைப் பெரிதாகப் போட்டு, ‘அப்பளம் போல் நொறுங்கிய கார், ஓட்டுநர் அதிசயமாக உயிர் தப்பினார்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தீர்கள். செய்திக்குள்ளே, கார்பன் ஃபைபரில் செய்ததால்தான் இப்படிச் சிதறியது, இரும்பாக இருந்தால் தாங்கியிருக்கும் என்கிற தோரணையில் ஒரு வரியும் இருந்தது. அந்த ஒரு வரிதான் என்னை இதை எழுத உட்கார வைத்தது. அதில் அதிசயம் எதுவும் இல்லை ஐயா. கார் அப்படி நொறுங்கியதால்தான் அந்தப் பையன் எழுந்து நடந்து போனான்.

நான் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியின் பொருள் சோதனைக் கூடத்தில் 20 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். யு.டி.எம். என்று ஒரு இயந்திரம் இருக்கும், கம்பியோ கான்கிரீட் கட்டையோ எதைக் கொடுத்தாலும் இழுத்தும் அழுத்தியும் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துச் சொல்லும். முதுகலை மாணவர்கள் சிலர் ஒரு முறை கார்பன் ஃபைபர் குழாய்கள், அதாவது மெல்லிய கார்பன் இழைகளைப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த குழாய்கள், கொண்டு வந்தார்கள். உள்ளங்கையில் அடங்குகிற அளவு. 5 செ.மீ. விட்டம், 10 செ.மீ. நீளம், சுவர் கனம் வெறும் 2 மி.மீ. கையில் எடுத்தால் பிளாஸ்டிக் டம்ளர் மாதிரி எடையே தெரியாது. முதல் குழாயை நிமிர்த்தி வைத்து மேலிருந்து அழுத்தினோம். சுமை ஏறிக்கொண்டே போனது, 9 டன் பக்கம் வந்ததும் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், குழாய் நடுவில் பிளந்து இரண்டு துண்டாகப் போனது, கணினித் திரையில் கோடு செங்குத்தாகக் கீழே விழுந்தது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. 9 டன் தாங்கியதே என்று பையன்கள் சந்தோஷப்பட்டார்கள். அவர்களோடு வந்த பேராசிரியர் தலையை ஆட்டி, இது தோல்வி, அடுத்ததை வையுங்கள் என்றார்.

அடுத்த குழாய் எல்லா விதத்திலும் முதல் குழாயேதான், ஒரே ஒரு வித்தியாசம், அதன் மேல் விளிம்பை 45 டிகிரி சாய்வாக, பென்சில் சீவுவது போலச் சீவியிருந்தார்கள். இந்த முறை வெடி இல்லை. சரசரவென்று, காய்ந்த சருகின் மேல் நடக்கிற மாதிரி ஒரு சத்தம் விடாமல் வந்தது. சீவிய முனை முதலில் பொடியானது, அப்புறம் சுவரின் அடுக்குகள் ஒன்றை விட்டு ஒன்று பிரிந்து, பாதி வெளிப்பக்கமும் பாதி உட்பக்கமுமாக வாழைப்பூ மடல் விரிவது போல விரிந்து சுருண்டன, நடுவில் கறுப்புத் தூள் ஆப்பு மாதிரி இறுகிக்கொண்டு அடுத்த அடுக்கைப் பிளந்துகொண்டே கீழே போனது. சுமை 3 டன்னுக்கு மேலே போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. திரையில் ரம்பப் பல் மாதிரி மேலும் கீழும் ஆடிக்கொண்டு ஒரே மட்டத்தில் கோடு நீண்டது. 6 செ.மீ. அழுத்தியதும் நிறுத்தினோம். கீழே மிச்சமிருந்த 4 செ.மீ. குழாயில் ஒரு கீறல் கூட இல்லை. அதைத்தான் நான் இன்று வரை மறக்கவில்லை. மேலே பொடி, கீழே புத்தம் புதுக் குழாய், நடுவில் ஒரு மோதிரம் அளவுக்குத்தான் சேதத்தின் எல்லை.

பேராசிரியர் அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினார். பொடியாகிப் போன பகுதியின் எடை 28 கிராம். அந்த 28 கிராம் வாங்கிக்கொண்ட ஆற்றல், 60 கிலோ எடையுள்ள ஒரு ஆள் மாடியிலிருந்து, 3 மீட்டர் உயரத்திலிருந்து, தரையில் விழும்போது வருகிற ஆற்றல். ஒரு தேங்காய்ச் சில்லு எடை கூட இல்லாத பொருள் ஐயா அது.

இரும்பு மோதலை எப்படி வாங்கும் என்று நமக்கு நன்றாகத் தெரியும், தகர டப்பாவை மிதித்தால் ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக நசுங்கும். வளைவதற்கும் மடிவதற்கும் ஆற்றல் செலவாகிறது. கார்பன் இழைக்கு அந்த வளைவுக் குணமே கிடையாது, நூற்றுக்கு ஒன்றரை இரண்டு பங்கு நீள்வதற்குள் அறுந்துவிடும். அதனால் அது வேறு வழியில் செலவு செய்கிறது. கோடிக்கணக்கான இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன, இழைகளை ஒட்டி வைத்திருக்கிற ரெசின் பொடிப்பொடியாக வெடிக்கிறது, அடுக்குகள் உரிகின்றன, உரிந்த மடல்கள் ஒன்றோடொன்றும் எதிரே இருக்கிற தட்டோடும் உரசுகின்றன. இந்த உராய்வு மட்டுமே பெரும் பங்கை விழுங்கும். எடைக்கு எடை பார்த்தால், எபாக்சி என்கிற ரெசினால் ஒட்டி, நன்றாக வடிவமைத்த கார்பன் குழாய் கிலோவுக்கு 50 முதல் 80 கிலோஜூல் (ஆற்றலை அளக்கிற அலகு) வரை வாங்கும், அலுமினியக் குழாய் 20, 30 என்ற அளவில் நிற்கும், சாதாரண இரும்பு அதற்கும் கீழே. இழை அதேதான், எபாக்சிக்குப் பதில் பீக் என்கிற விலை உயர்ந்த பிளாஸ்டிக்கை வைத்துச் செய்த குழாய்கள் 180 வரை போயிருக்கின்றன.

இப்போது பந்தயக் காருக்கு வருவோம். ஃபார்முலா 1 காரின் மூக்குப் பகுதிக்குச் சில வருடங்களுக்கு முன்பு வரை இருந்த சோதனை இது: 780 கிலோ எடையோடு நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் சுவரில் மோத விடுவார்கள். அதில் இருக்கிற ஆற்றல் சுமார் 88 கிலோஜூல். மேலே சொன்ன கணக்குப்படி ஒன்றரை, ஒன்றே முக்கால் கிலோ கார்பன் ஃபைபர் பொடியானால் போதும், அத்தனை ஆற்றலும் அதிலேயே தீர்ந்துவிடும். நின்றால் மட்டும் போதாது, எப்படி நிற்கிறது என்பதும் விதியில் உண்டு, சராசரி வேகக்குறைப்பு 40 ஜி-யைத் தாண்டக் கூடாது (ஒரு ஜி என்றால் நம் உடம்பின் எடை அளவு விசை, 40 ஜி என்றால் அதைப் போல 40 மடங்கு). 15 மீட்டர் வேகத்தை அரை மீட்டர் தூரத்தில் நிறுத்தினால் உடம்பின் மேல் வருவது 23 ஜி அளவு. அதே வேகத்தை 5 செ.மீ.யில் நிறுத்தினால் கிட்டத்தட்ட 230 ஜி. முதலாவதில் பெல்ட் அழுத்திய தழும்போடு வீட்டுக்குப் போகலாம், இரண்டாவதில் கார் அப்படியே இருக்கும், உள்ளே இருக்கிறவரின் மூளையும் இதயமும் இருக்காது. உடையாத கார் வேண்டும் என்று கேட்கிறவர்கள் இந்த இரண்டாவதைத்தான் கேட்கிறார்கள், தெரியாமல் கேட்கிறார்கள்.

இந்தச் சந்தேகம் உங்கள் நிருபருக்கு மட்டும் வந்ததல்ல. 1981-இல் மெக்லாரன் குழு ஜான் பர்னார்ட் என்பவரின் வடிவமைப்பில் எம்.பி.4/1 காரைக் கொண்டு வந்தபோது, ஓட்டுநர் உட்காரும் தொட்டி முழுவதையும் கார்பன் ஃபைபரில் செய்திருந்தார்கள், ஃபார்முலா 1-இல் அதுதான் முதல் முறை. இங்கிலாந்தில் செய்ய ஆள் கிடைக்காமல், அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் ராக்கெட் பாகங்கள் செய்கிற ஹெர்குலிஸ் நிறுவனத்திடம் கொடுத்துச் செய்தார்கள். மோதினால் கண்ணாடி மாதிரி உடையும் என்று பயந்தவர்கள் அப்போதும் நிறைய. அந்த ஜூலையில் ஜான் வாட்சன் அதே காரில் பிரிட்டிஷ் பந்தயத்தை ஜெயித்தார், அது கூட வாயை மூட வைக்கவில்லை. செப்டம்பரில் இத்தாலியில் மோன்சா பாதையில் லெஸ்மோ வளைவில் கார் சுழன்று தடுப்பில் மோதியது, எஞ்சினும் கியர் பெட்டியும் பிய்ந்து தனியாகப் போயின. வாட்சன் தொட்டியிலிருந்து இறங்கி நடந்து வந்தார். அதற்கப்புறம் சில வருடங்களில் எல்லாக் குழுவும் கார்பனுக்கு மாறிவிட்டது.

2007 ஜூன் 10, மான்ட்ரியால். ராபர்ட் குபிட்சாவின் கார் மணிக்கு சுமார் 230 கி.மீ. வேகத்தில் கான்கிரீட் சுவரில் போய் அடித்து, உருண்டு, எதிர்ப்பக்கத் தடுப்பில் சாய்ந்து நின்றது. மூக்கு இல்லை, சக்கரங்கள் இல்லை, தொட்டியின் முன் நுனி திறந்து ஓட்டுநரின் பாதங்கள் வெளியே தெரிந்தன. உச்சத்தில் 75 ஜி பதிவானது. அவருக்கு ஆனது கணுக்கால் சுளுக்கும் லேசான தலை அதிர்ச்சியும். ஒரே ஒரு பந்தயத்தைத்தான் விட்டார், அதற்கு அடுத்த பிரெஞ்சுப் பந்தயத்தில் நான்காவதாக வந்தார், மறு வருடம் அதே மான்ட்ரியாலில் முதலிடம் பிடித்தார். அந்தப் படத்தையும் யாராவது அப்பளம் என்று எழுதியிருப்பார்கள்.

2020 நவம்பர் 29 பஹ்ரைன் விபத்தை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். ரொமேன் க்ரோஷானின் கார் 192 கி.மீ. வேகத்தில் இரும்புத் தடுப்பைப் பிளந்துகொண்டு போய் இரண்டாக அறுந்து தீப்பிடித்தது. 67 ஜி. தீயிலிருந்து அவர் வெளியே வர 27 நொடி ஆனது, கையில் தீக்காயம். அங்கே அவர் தலையைக் காத்தது ஹேலோ என்கிற டைட்டானியம் வளையம், அதற்குரிய பெருமையை அதற்குக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் அந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கார்பன் தொட்டி உருக்குலையாமல் இருந்ததால்தான் அவரால் உள்ளே சுயநினைவோடு மூன்று முறை முயன்று வெளியே வர முடிந்தது.

நம்ம ஊர்க் கதையும் ஒன்று உண்டு. 2005 அக்டோபரில் ஷாங்காயில் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் சுவரில் பலமாக மோதியதை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தேன். கோவைக்காரர் என்பதால் அவர் ஓட்டும் ஒவ்வொரு பந்தயமும் எங்கள் தெருவுக்கே சொந்தப் பந்தயம். கார் பாகம் பாகமாகப் பறந்ததைப் பார்த்ததும் என் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்து வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவர் காயமில்லாமல் இறங்கினார். எனக்குக் குழாயின் அந்த மிச்சமிருந்த 4 செ.மீ. ஞாபகம் வந்தது. சென்னைக்காரர்கள் 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் ஓடிய ஃபார்முலா 4 கார்களை நேரிலேயே பார்த்தார்களே, அவற்றிலும் ஓட்டுநர் உட்காருவது கார்பன் தொட்டியில்தான்.

இதில் முக்கியமாகச் சொல்ல வேண்டியது, ஒரே காரில் ஒரே பொருளுக்கு இரண்டு எதிரெதிர் வேலை கொடுத்திருக்கிறார்கள். மூக்கு நொறுங்க வேண்டும், தொட்டி நொறுங்கக் கூடாது. இழையை எந்தத் திசையில் அடுக்குவது, எத்தனை அடுக்கு, நடுவில் தேன்கூடு மாதிரி அறை அறையான தகடு வைக்கலாமா, முனையில் எங்கே மெலிதாக்குவது என்று ஒவ்வொன்றாக முடிவு செய்து, ஆட்டோகிளேவ் என்கிற அழுத்த அடுப்பில் வேக வைத்து, உடைத்துப் பார்த்து, திருத்தி, மறுபடி உடைத்துப் பார்த்துத்தான் ஒரு மூக்கு உருவாகிறது. எங்கள் கூடத்து முதல் குழாய் மாதிரி விளிம்பைச் சீவாமல் விட்டால் அதே கார்பன் ஆளைக் கொன்றுவிடும். சாய்வாக மோதினாலும் ஆபத்து, குழாய் நுனியிலிருந்து நொறுங்குவதற்குப் பதில் அடியோடு முறிந்து போகும், ஒன்றையும் வாங்காது. அதனால்தான் மூக்கைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கிற சோதனையும் தனியாக உண்டு.

கார்பன் என்றாலே பாதுகாப்பு என்று நான் சொல்லவில்லை, அப்படி யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி 1960-களின் கடைசியில் ஆர்.பி.211 விமான எஞ்சினுக்குக் கார்பன் ஃபைபரில் விசிறி இறக்கைகள் செய்தது. எடை குறைவு, பலம் அதிகம், எல்லாம் சரி. பறவை மோதினால் என்ன ஆகும் என்று பார்க்கிற சோதனையில் இறக்கைகள் சிதறிப்போயின. டைட்டானியத்துக்கு மாறினார்கள், அந்த எஞ்சினுக்கு ஆன செலவே பெரிய காரணமாகி 1971 பிப்ரவரியில் அவ்வளவு பெரிய கம்பெனி திவாலானது. இழுத்தால் தாங்குகிற பலம் வேறு, அடித்தால் தாங்குகிற பலம் வேறு என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

இன்னொரு குணமும் உண்டு. இரும்பு அடி பட்டால் ஒடுக்கு விழும், பார்த்ததும் தெரியும். கார்பன் தகட்டில் மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளே அடுக்குகள் விட்டிருக்கும். கார்பன் சைக்கிள் வாங்குகிற பிள்ளைகள் நம்ம ஊரிலும் இப்போது அதிகம், ஒரு முறை பலமாக விழுந்த ஃபோர்க்கை, அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற கவையை, துடைத்துவிட்டு அப்படியே ஓட்டாதீர்கள், அது வளைந்து எச்சரிக்கை கொடுக்காது, ஒரு நாள் திடீரென்று முறியும்.

சாலையில் ஓடுகிற கார்களில் ஏன் இது பரவலாக வரவில்லை என்று கேட்கலாம். விலைதான் முதல் காரணம், பழுது பார்ப்பது கஷ்டம் என்பது இரண்டாவது. பி.எம்.டபிள்யூ 2013-இல் கொண்டு வந்த ஐ3 காரில் ஆள் உட்காரும் கூண்டைக் கார்பனில் செய்துவிட்டு, மோதலை வாங்குகிற முன், பின் பகுதிகளை அலுமினியத்திலேயே வைத்தார்கள். எந்தப் பொருளாக இருந்தாலும் முறை அதேதான்: வெளியே நசுங்க வேண்டியது நசுங்கட்டும், உள்ளே கூண்டு நிற்கட்டும். 2023 அக்டோபரில் ஆரம்பித்த பாரத் என்கேப் சோதனையில் 64 கி.மீ. வேகத்தில் காரை மோத விட்டு நட்சத்திரம் கொடுக்கிறார்களே, அங்கேயும் பானெட் எவ்வளவு அழகாக மிஞ்சியது என்று யாரும் பார்ப்பதில்லை, பொம்மையின் தலையிலும் நெஞ்சிலும் காலிலும் எவ்வளவு அடி பட்டது என்றுதான் அளக்கிறார்கள்.

இது பந்தயக்காரர்களின் விஷயம், நமக்கென்ன என்று விட்டுவிட முடியாததற்கு ஒரு காரணம் என் வீட்டிலேயே இருக்கிறது. என் அக்கா மகன் போன வருடம் புதுக் கார் வாங்கினான். வாங்கிய வாரமே ஒரு கடையில் போய் முன்னால் கனமான இரும்பு கிராஷ் கார்டு மாட்டிக்கொண்டு வந்தான். ‘மாமா, இனிமே எவன் இடிச்சாலும் நம்ம வண்டிக்கு ஒண்ணும் ஆகாது’ என்றான். கடைக்காரரும் அதையேதான் சொல்லி விற்றிருக்கிறார். காரின் அடியில் குனிந்து பார்த்தேன். கம்பெனிக்காரர்கள் மடிவதற்கென்றே பள்ளம் போட்டு வைத்திருந்த இரண்டு முன் சட்டங்களிலேயே அந்தக் கம்பியைப் போல்ட் போட்டு முறுக்கியிருந்தார்கள். அந்தப் பள்ளம்தான் எங்கள் குழாயின் சீவிய விளிம்பு. அதன் மேல் இரும்பைக் கட்டிவிட்டால் எங்கே எப்போது மடிய வேண்டுமோ அந்தக் கணக்கு கலையும், அடி நேராக உள்ளே வரும், ஏர்பேக்குக்குத் தகவல் சொல்கிற சென்சாரும் குழம்பும். எதிரே நடந்து வருகிறவருக்கு அது இன்னும் மோசம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே இதன் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது, ஆனாலும் மாட்டுகிற கடைகள் மாட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசினேன், பழைய சோதனைப் படங்களைக் காட்டினேன், கடைசியில் அவன் மனைவி ‘கழட்டிருங்க’ என்று சொன்ன பிறகுதான் கழற்றினான்.

அவன் அந்தக் கம்பியை மாட்டக் காரணமே, சின்ன வயதிலிருந்து படித்த விபத்துச் செய்திகள்தான் என்று நினைக்கிறேன். நொறுங்கினால் மட்டமான வண்டி, நொறுங்காவிட்டால் நல்ல வண்டி என்று மனதில் பதிந்துவிட்டது. அந்தக் காலத்து அம்பாசடர் மாதிரி வருமா என்று பெரியவர்கள் சொல்வதும் இதே கணக்குதான். வண்டி அப்படியே நின்று உள்ளே இருந்தவர்கள் ஸ்டியரிங்கில் நெஞ்சு அடிபட்டுப் போன வீடுகள் எங்கள் பக்கத்திலேயே உண்டு.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ‘அப்பளம்’ என்ற சொல்லை விட்டுவிடச் சொல்லவில்லை, நல்ல தமிழ் உவமைதான் அது. எது நொறுங்கியது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன். முன்பகுதி நொறுங்கியதா, ஆள் உட்காரும் இடமும் சேர்ந்து நொறுங்கியதா, கதவு திறந்ததா, பெல்ட் போட்டிருந்தார்களா, ஏர்பேக் விரிந்ததா, இந்த நாலைந்து தகவலைச் சாலை விபத்துச் செய்தியிலும் கேட்டு வாங்கிப் போடுங்கள். போன ஞாயிறு போட்ட அந்தப் பந்தய விபத்துக்கு, சிதறிய பாகங்களின் படத்தோடு, ஓட்டுநர் இறங்கிப் போன பிறகு காலியாக இருந்த தொட்டியின் படமும் ஏஜென்சிக்காரர்களிடம் கட்டாயம் இருக்கும். முடிந்தால் அதை இந்த ஞாயிறு போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
பீளமேடு, கோயம்புத்தூர்